கடல் கடந்தவர் நலமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

சென்ற பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது அம்மா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். கேள்வி சிறியதுதான். விடை சொல்லத்தான் எனக்குத் தெரியவில்லை. அந்த விடையைத் தேடிச் சில மாதங்களாக நூலகத்தில் படித்ததையும், படித்ததை வைத்து எண்ணியதையும் நண்பர்கள் முன்னும் ஆசிரியப் பெருமக்கள் முன்னும் வைக்கவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

என் ஊர் கரியாலூர். கள்ளக்குறிச்சியிலிருந்து புறப்படும் பேருந்து கச்சிராயபாளையத்தைக் கடந்து, கோமுகி அணைப் பக்கமாக வந்து, வளைந்து வளைந்து கல்வராயன் மலைமேல் ஏறும். என் அண்ணன் நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே பாதையில் இறங்கிக் கத்தார் நாட்டுக்குப் போனார். அங்கே கட்டடங்களுக்குக் கம்பி கட்டும் வேலை. வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. அன்று மாலை போன் செய்வார். எங்கள் வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. அம்மா மரவள்ளிக் கொல்லைக்கு மேலிருக்கும் பாறையில் ஏறி நின்றுகொண்டு பேசுவார். அண்ணன் ஒவ்வொரு முறையும் சொல்வது ஒன்றே: “நல்லா இருக்கேம்மா.”

அம்மா என்னிடம் கேட்டது இதுதான். “தம்பி, நீ படிக்கிற புள்ள. நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு சொல்றானே, நெசமாவே நல்லா இருக்கானா? நீ பாத்துச் சொல்லு.”

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறியவன் நானே முதலாமவன். ஆகவே எனக்கு எல்லாம் தெரியும் என்பது அம்மாவின் நம்பிக்கை. நானும் கண்ணுக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் அடைந்துவிட்டது; கூரை போய் ஓடு வந்துவிட்டது; என் விடுதிக் கட்டணம் தவணை தவறாமல் வருகிறது; ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திய அண்ணன் இன்று இந்தியும் கொஞ்சம் அரபியும் பேசுகிறார். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, “அதெல்லாம் எனக்கும் தெரியுது. நான் அதக் கேக்கல” என்றார்.

உண்மைதான். நான் சொன்னது வளர்ச்சி. அம்மா கேட்டது மனநிறைவு.

அண்ணன் கடிதம் எழுதுபவரல்லர். போனிலும் இரண்டு சொல்லுக்கு மேல் பேசமாட்டார். எனவே, வெளிநாடு போய் வாழ்ந்தவர்களுள் தம் அன்றாட வாழ்வைப் பற்றிச் செய்தி விட்டுச் சென்றவர்கள் யார் என்று தேடினேன். அறிவியல் மாணவனாகிய எனக்கு முதலில் தென்பட்டவர்கள் கணித மேதை இராமானுஜனும் வானியற்பியல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகரும். கம்பி கட்டுபவரை உலகம் போற்றும் மேதைகளோடு ஒப்பிடலாமா என்று சிலர் நகைக்கக்கூடும். நான் அறிவை ஒப்பிடவில்லை. பசியும் குளிரும் தனிமையும் மேதைக்கும் தொழிலாளிக்கும் ஒன்றுதானே!

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தார். 1904இல் கும்பகோணம் அரசு கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். ஆங்கிலத்தில் தவறியதால் அந்த உதவித்தொகையை இழந்தார். (ஆங்கிலத் தேர்வுக்கு அஞ்சும் நம்மவர்க்கு இஃது ஓர் ஆறுதல். ஆனால் ஆறுதலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.) பட்டம் பெறாமலே 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் ஆனார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதமும் அதன் விளைவும் யாவரும் அறிந்ததே. 1914 மார்ச் 17ஆம் நாள் ‘நெவாசா’ என்னும் கப்பலில் சென்னையை விட்டுப் புறப்பட்டார். அதற்கு முன் குடுமியைக் களைந்தார். மேனாட்டு உடையும் காலணியும் அணியப் பழகினார். இளம் மனைவி ஜானகி கும்பகோணத்தில் மாமியாருடன் தங்கினார்.

அங்கே போன சில மாதங்களில் முதல் உலகப் போர் மூண்டது. இராமானுஜன் மரக்கறி உணவு தவிர வேறு உண்ணாதவர். கல்லூரி உணவகத்தில் உண்ண மனம் ஒப்பாது தம் அறையிலே தாமே சமைத்தார். ஆய்வில் மூழ்கிவிட்டால் சமையல் ஏது? பல நாள் நேரம் தவறி உண்டார். சில நாள் உண்ணவே இல்லை.

பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய மகலனோபிஸ் அப்போது கேம்பிரிட்ஜில் மாணவர். இரவில் குளிர் தாங்குகிறதா என்று அவர் இராமானுஜனிடம் ஒருமுறை விசாரித்தார். மேலங்கியை அணிந்து சால்வையையும் போர்த்திக்கொண்டே உறங்குவதாக விடை வந்தது. போர்வை போதவில்லையோ என்று மகலனோபிஸ் படுக்கையைப் பார்த்தார். போர்வைகள் பல இருந்தன. அவை மெத்தையின் அடியில் செருகி இறுக்கி விரிக்கப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது இராமானுஜனுக்குத் தெரியாது. விரிப்பின் மேலேயே படுத்து நடுங்கியிருக்கிறார்! எண்களின் உள்ளெல்லாம் நுழைந்து பார்த்தவருக்குப் போர்வைக்குள் நுழையச் சொல்லித் தர அதுவரை ஒருவரும் வாய்க்கவில்லை. நூலகத்தில் இப்பகுதியைப் படித்தபோது முதலில் சிரித்தேன். பிறகு நெடுநேரம் அடுத்த பக்கத்தைப் புரட்ட இயலவில்லை. கத்தாரில் போர்வைப் பிரச்சினை இராது. வேறு என்ன தெரியாமல் அண்ணன் எதன்மேல் படுத்திருக்கிறாரோ என்று தோன்றிற்று.

மற்றொரு நிகழ்ச்சி. ஒரு நண்பரையும் அவர் மணக்கவிருந்த பெண்ணையும் வேறு சிலரையும் இராமானுஜன் விருந்துக்கு அழைத்துத் தம் கையாலே சமைத்துப் பரிமாறினார். மூன்றாம் முறை பரிமாற வந்தபோது, போதும் என்று விருந்தினராகிய பெண்கள் மறுத்தனர். சிறிது நேரத்தில் இராமானுஜனைக் காணவில்லை. தேடினர், கிடைக்கவில்லை. மனம் நொந்து ஆக்ஸ்போர்டுக்குப் போய்விட்டார். சில நாள் கழித்தே திரும்பினார். இவ்வளவு சிறிய செய்திக்கா என்று நாம் கேட்போம். தம் ஊர்ச் சோற்றை உண்ண ஆள் தேடித் தேடிக் களைத்தவர்க்கு அது சிறிய செய்தியாக இருந்திராது.

இத்தனைக்கும் நடுவில் அவர் வளர்ந்த வளர்ச்சியைப் பாருங்கள். 1916இல் ஆய்வுக்காகப் பட்டம் பெற்றார். ஓர் எண்ணைக் கூட்டுத்தொகையாக எத்தனை வழிகளில் எழுதலாம் என்பது ஒரு கணக்கு. 4 என்ற எண்ணை 5 வழிகளில் எழுதலாம். இதை நாமே விரல் விட்டு எண்ணலாம். 100 என்ற எண்ணை 19,05,69,292 வழிகளில் எழுதலாம். இதை எண்ண ஆயுள் போதாது. இவ்வெண்ணிக்கையைக் கணிக்கும் வழியை ஹார்டியும் இராமானுஜனும் சேர்ந்து கண்டு 1918இல் வெளியிட்டனர். அதே 1918இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். டிரினிடி கல்லூரியின் ஆய்வறிஞரும் ஆனார். அதே 1918இன் தொடக்கத்தில்தான், நோயும் மனச்சோர்வும் முற்றி, லண்டன் சுரங்க ரயில் நிலையம் ஒன்றில் தண்டவாளத்தில் வீழ்ந்தார். ரயில் சில அடி தொலைவில் நின்றதால் உயிர் தப்பினார். ஓர் ஆண்டின் நாட்குறிப்பில் இவை யாவும் அடுத்தடுத்து நிற்கின்றன. அவர் ஊருக்கு எழுதும்போது இதில் எதை எழுதியிருப்பார்? எதை விட்டிருப்பார்? எழுதிய கடிதங்களும் மனைவிக்குச் சேரவில்லை. மனைவி எழுதியவை அவருக்குச் சேரவில்லை. இடையில் மாமியார் மறித்துவிட்டதாக வரலாறு எழுதியோர் குறிக்கின்றனர்.

1919 மார்ச்சில் தாயகம் திரும்பினார். 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் தம் 32ஆம் வயதில் மறைந்தார். கடல் கடந்து சென்றவர் என்ற காரணத்தால் உறவினர் பலர் இறுதிச் சடங்குக்கும் வரவில்லை. உடன் நீ வந்திருந்தால் நான் நோயுற்றிருக்கமாட்டேன் என்று கணவர் தம்மிடம் கூறியதாக ஜானகி அம்மாள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

இத்துயரக் கதையில் என் மனத்தை நிறைத்த இடம் ஒன்று உண்டு. திரும்புமுன் சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை அளிக்க முன்வந்தது. நோய்ப் படுக்கையிலிருந்து 1919 ஜனவரி 11ஆம் நாள் அவர் விடை எழுதினார். பெற்றோருக்கு ஆண்டுதோறும் 50 பவுண்டு தருக. தமது தேவைக்குப் போக எஞ்சுவதை ஏழைப் பிள்ளைகள், ஆதரவற்ற பிள்ளைகள் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்துக்கும் புத்தகங்களுக்கும் செலவிடுக என்பது அதன் கருத்து. தமக்கு எவ்வளவு போதும் என்பதை அறிந்த ஒருவரின் கடிதம் அது. உதவித்தொகையில் படிக்கும் எவனும் அதைப் படித்துவிட்டு வாளா இருக்க முடியாது.

இராமானுஜன் இறந்த செய்தியைச் செய்தித்தாளில் கண்டு தம் மகனுக்குச் சொன்னார் ஒரு தாய். கேட்ட சிறுவனுக்கு வயது ஒன்பது. அவரே நான் சொன்ன இரண்டாமவர், சந்திரசேகர். 1910இல் லாகூரில் பிறந்து சென்னையில் வளர்ந்து மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்றவர். அதுவும் நம்முடையதைப் போன்ற ஓர் அரசு கல்லூரியே. 1930 ஜூலை 31ஆம் நாள், 19 வயதில், பம்பாயில் ‘பில்ஸ்னா’ என்னும் கப்பலில் ஏறினார். பயணத்தின்போதே தாளும் பேனாவுமாக அமர்ந்து அவர் தொடங்கிய கணக்கீடுதான், சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேல் நிறை கொண்ட வெண்குள்ள விண்மீன் நிலைத்து நிற்க இயலாது என்ற முடிவுக்கு இட்டுச் சென்றது. 1983இல் நோபல் பரிசு பெற்றபோது இத்துறை ஆய்வுகளே போற்றப்பட்டன. ஆனால் கப்பலேறியபோது அவர் தாய் நோய்ப் படுக்கையில் இருந்தார். போகத்தான் வேண்டும் என்று வற்புறுத்தி அனுப்பியவரும் அத்தாயே. அடுத்த ஆண்டு மே மாதம் தாய் மறைந்தார். மகன் கேம்பிரிட்ஜில் இருந்தார்.

1936இல் திருமணத்துக்காகத் தாயகம் வந்த சந்திரசேகரிடம் ஹார்டி ஒரு வேலை ஒப்படைத்திருந்தார்: இராமானுஜனின் நல்ல புகைப்படம் ஒன்றைத் தேடிப் பிடிப்பது. சந்திரசேகர் திருவல்லிக்கேணியில் வாழ்ந்த ஜானகி அம்மாளைக் கண்டு கேட்டார். அவரிடமிருந்து கிடைத்தது, 1919இல் தாயகம் திரும்புவதற்காக எடுத்த பாஸ்போர்ட் படம். இன்று நம் பாடநூல்களில் நாம் காணும் இராமானுஜன் அந்தப் பாஸ்போர்ட் படத்து இராமானுஜனே. எங்கள் வீட்டுச் சுவரிலும் அண்ணனுக்கு இருப்பது ஒரே படம். அதுவும் பாஸ்போர்ட்டுக்கு எடுத்ததுதான்.

சந்திரசேகரின் வாழ்க்கை வேறு வகையில் அமைந்தது. மாநிலக் கல்லூரியில் தம்மோடு இயற்பியல் பயின்ற லலிதாவை மணந்து, 1937இல் இருவருமாக அமெரிக்கா சென்றனர். இறுதிவரை மரக்கறி உணவே உண்டனர். சேர்ந்து உண்ண ஒருவர் இருந்தார். தம் மொழி கேட்க ஒரு செவி இருந்தது. (அதற்காக லலிதா தம் ஆய்வை விட்டார் என்பதையும் எழுதாவிட்டால் கணக்கு நேராகாது.) 1953இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றனர், அது தந்தையாருக்கு வருத்தம் தந்தது. 84 வயது வரை வாழ்ந்து 1995இல் மறைந்தார். இவராவது முழு நிறைவோடு வாழ்ந்திருப்பார் என்று எண்ணிக்கொண்டே படித்தேன். தம் வரலாற்றை எழுதிய காமேசுவர வாலியிடம் முதுமையில் அவர் பேசியது வேறாக இருந்தது. அறிவியல் ஒன்றையே நோக்கி ஓடியதில் வாழ்வின் பிற பக்கங்கள் குன்றிப்போயின என்றும், மனநிறைவு தமக்கு வாய்க்கவில்லை என்றும் பொருள்படப் பேசியிருக்கிறார். ஏணியில் பாதி ஏறி நிற்கும் ஒரு மனிதனின் புகைப்படம் அவர் அறைச் சுவரில் தொங்கியதாம்.

இங்கே எனக்கு நம் பாடத்தில் வரும் உள்ளுறை வெப்பம் நினைவுக்கு வந்தது. பனிக்கட்டிக்கு வெப்பம் கொடுக்கிறோம். வெப்பம் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. வெப்பமானியோ சுழியிலேயே நிற்கிறது. ஒரு கிராம் பனிக்கட்டி முழுவதும் உருக 80 கலோரி வேண்டும். அது முடியும்வரை பாதரசம் அசையாது. வெளிநாடு போனவர்க்கு ஊதியமும் அறிவும் அனுபவமும் வந்து சேர்கின்றன. அவையெல்லாம் வெப்பம். மனநிறைவு என்பது வெப்பநிலை. புது மொழி, புதுச் சோறு, அடைக்க வேண்டிய கடன், யாருமற்ற மாலைப் பொழுது ஆகிய பனிக்கட்டி உருகவே வந்த வெப்பமெல்லாம் செலவாகிவிடுகிறது. இராமானுஜனுக்கு அது உருகி முடியவே இல்லை. எங்கள் துறைப் பேராசிரியர் இவ்வுவமையை ஏற்பாரோ மாட்டாரோ, ‘நல்லா இருக்கேன்’ என்ற ஒரே சொல்லால் இரண்டையும் அளக்க முடியாது என்பது மட்டும் எனக்குத் தெளிவாயிற்று.

மறுபக்கமும் உண்டு. எங்கள் மலை மக்களுக்கு ஊர் விட்டுப் போவது புதிதன்று. மலையாளிகள் என்று எங்களைச் சொல்வார்கள். கேரளத்தார் என்று பொருளன்று, மலையில் வாழ்வோர் என்றே பொருள். எங்கள் முன்னோரே காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலை ஏறியவர்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1976 வரை இம்மலை ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. அதன் பின்னும் மலையில் கூலி குறைவு. ஆகவே காபிப் பழம் பறிக்கும் பருவத்தில் குடும்பம் குடும்பமாகக் குடகுக்குப் போவார்கள். நாங்களும் போயிருக்கிறோம். அம்மிக்கல் தவிரச் சட்டி பானை எல்லாம் உடன் வரும். இரவில் தோட்டத்து லயத்தில் அப்பா, அம்மா, அண்ணன், நான், சித்தப்பா வீட்டார் எல்லோரும் ஒரே அடுப்பைச் சுற்றி அமர்ந்து உண்போம். என் வாழ்வில் அவ்வளவு நிறைவான சோறு நான் உண்டதில்லை. ஆனால் அந்த ஆண்டு நான் நான்காம் வகுப்பில் பாதிக்கு மேல் போகவில்லை. அண்ணனுக்குப் படிப்பில் பிடிப்பு விட்டதும் அங்கேதான். நிறைவு இருந்தது, வளர்ச்சி இல்லை. இப்போது வளர்ச்சி வருகிறது. நிறைவை எதைக் கொண்டு அளப்பது?

திரும்பி வரும் வழி திறந்திருப்பதும் நிறைவில் ஒரு பாதி என்று நினைக்கிறேன். குடகிலிருந்து வேண்டும்போது பேருந்து ஏறலாம். இராமானுஜன் நோயுற்ற 1917இல் கடலெங்கும் போர், திரும்ப முடியவில்லை. கத்தாரில் வேலைக்குப் போனவர்கள் நாட்டை விட்டு வெளியேற முதலாளியின் இசைவு வேண்டியிருந்தது. பெரும்பாலான தொழிலாளர்க்கு 2018இல்தான் அந்நிலை நீக்கப்பட்டது. அண்ணன் பத்தாம் வகுப்புத் தேறாதவர் ஆதலால், 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற்றே போனார். அனுமதி என்றதும் இது என்ன தொல்லை என்று எரிச்சலடைந்தோம். ஒப்பந்தத்தில் சம்பளம் என்ன, வேலை என்ன என்று ஒரு அதிகாரி பார்த்து அனுப்புவது படியாதவனுக்குப் பாதுகாப்பு என்று பின்னர்தான் விளங்கிற்று. பத்தாவது தேறியவர்க்கு அந்த அனுமதி தேவையில்லை. நம்மைப் போன்றோர் ஒப்பந்தத்தை நாமே படித்துக்கொள்வோம் என்பது எண்ணம் போலும். நம்மில் எத்தனை பேர் படிப்போம்?

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, விடுதி மாடியிலிருந்து நானே அண்ணனை அழைத்தேன். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. “அண்ணா, இன்னைக்கு என்ன சாப்பிட்ட? யாரு கூட சாப்பிட்ட?” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு பேசத் தொடங்கியவர் அரை மணி நேரம் நிறுத்தவில்லை. அறையில் எட்டுப் பேர். இருவர் நேபாளத்தார், ஒருவர் அரியலூர்க்காரர். வெள்ளிக்கிழமைச் சமையல் முறை வைத்து வருமாம். போன வாரம் அண்ணன் முறை. ஊரிலிருந்து கொண்டுபோன சாமையைப் பொங்கி, கருவாட்டுக் குழம்பு வைத்திருக்கிறார். நேபாளத்துக்காரர் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாராம். அதைச் சொல்லும்போது அண்ணன் குரல் குடகு லயத்தில் கேட்ட குரலாக இருந்தது. அதன் பிறகு வேறு சிலவும் சொன்னார். ராத்திரி சில நாள் தூக்கம் வருவதில்லையாம். போன கோடையில் உடன் வேலை செய்த ஒருவர் வெயிலில் மயங்கி விழுந்து ஊர் திரும்பிவிட்டாராம். “அம்மாகிட்ட சொல்லிடாதடா” என்றார். கடைசியில், “டிகிரி முடிச்சிட்டா இங்க சூப்பர்வைசர் வேலைக்கு எடுக்கறாங்க. வரியா?” என்று கேட்டார். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. பார்க்கலாம் என்றேன்.

ஊருக்குப் போனபோது சாமைப் பொங்கல் வரையில் அம்மாவிடம் சொன்னேன். மீதியைச் சொல்லவில்லை. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அம்மா முழுவதும் கேட்டுவிட்டு நேபாளத்துக்காரரைப் பற்றி மறுபடியும் சொல்லச் சொன்னார். பிறகு கேட்டார்:

“சாமை இன்னும் இருக்குதான்னு கேட்டியா?”

கேட்கவில்லை. வரும் வெள்ளிக்கிழமை கேட்க வேண்டும்.